எக்ஸ்பிஎஸ் டேட்டால ரிவ்யூவர் கும்மிட்டார், இந்த லட்சணத்துல காலேஜ்ல மெஷினே வாங்கப் போறாங்களாம்

ரெண்டாவது_ரிவிஷன்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கங்க. நான் கோவை பக்கம் ஒரு காலேஜ்ல பிஎச்டி நாலாவது வருஷம். காப்பர் ஆக்சைடு நானோ பவுடர் போட்டு சாயப்பட்டறை தண்ணில இருக்குற கலரை வெளிச்சத்துல உடைக்கிற வேலை. பவுடர் கருப்பா இருக்கு, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வச்சு படிக அமைப்பைப் பாக்குற டெஸ்ட்) எடுத்தா சுத்தமா குப்ரிக் ஆக்சைடு (CuO), வேற ஒரு பீக் கூட இல்ல. கைடு "எக்ஸ்பிஎஸ் இல்லாம பேப்பர் போகாதும்மா"ன்னார் (எக்ஸ்பிஎஸ்னா எக்ஸ்ரே அடிச்சு, தெறிக்கிற எலக்ட்ரானை வச்சு மேல் தோல்ல என்ன எலிமெண்ட் எந்த நிலைல இருக்குன்னு பாக்குற டெஸ்ட்), சரின்னு வெளிய ஒரு லேபுக்கு கொரியர் பண்ணி ரெண்டு மாசம் க்யூல நின்னு ரிசல்ட் எக்செல் ஃபைலா வந்துச்சு.

பாத்தா காப்பர் 2பி 3/2 பீக் (காப்பரோட உள் எலக்ட்ரான்லேர்ந்து வர்றது) 932.5 ஈவில (எலக்ட்ரான் வோல்ட்) நல்லா உசரமா இருக்கு, 934 பக்கம் தோள்பட்டை மாதிரி சின்னதா ஒண்ணு. நெட்ல பாத்தேன், 932.5ன்னா குப்ரஸ் (Cu₂O), 933.6ன்னா குப்ரிக்னு போட்டிருந்துச்சு. ஃப்ரீ சாஃப்ட்வேர்ல உக்காந்து ஏழு பீக் போட்டு ஃபிட் பண்ணேன், கோடு மேல கோடு அப்படி உக்காந்துச்சு. குப்ரஸ் 62%, குப்ரிக் 38%. உடனே கைடுக்கு சந்தோஷம் தாங்கல, "இது ஹெட்டரோஜங்ஷன்ம்மா, ரெண்டு ஆக்சைடு ஒட்டி நிக்குது, அதனாலதான் கேட்டலிஸ்ட் நல்லா வேலை செய்யுது"ன்னு பேப்பர் தலைப்பையே மாத்திட்டார்.

இப்ப ரெண்டாவது ரிவ்யூவர் எழுதிருக்கார்: காப்பர் 2பி மட்டும் வச்சு உலோகக் காப்பரையும் குப்ரஸையும் பிரிக்கவே முடியாது, ஆகர் பீக் (கூடவே வெளிய வர்ற இன்னொரு ரக எலக்ட்ரானோட பீக்) எங்க, ஏழு பீக்குக்கு என்ன ஆதாரம், எக்ஸ்ஆர்டில இல்லாத குப்ரஸ் 62% எங்கிருந்து வந்துச்சு. நாலு கேள்விக்கும் என்கிட்ட பதில் இல்ல.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. காலேஜுக்கு ஒரு கிராண்ட் வரும்போல, எக்ஸ்பிஎஸ் மெஷின் வாங்கலாம்னு பேச்சு. எச்ஓடி ஏதோ ஒரு மார்க்கெட் ரிப்போர்ட்டோட முதல் ரெண்டு பக்கத்தை பிரிண்ட் எடுத்துட்டு வந்து, இந்த மார்க்கெட் இன்னும் ஏழெட்டு வருஷத்துல பயங்கரமா வளரும்னு போட்டிருக்கு, வாங்கிப் போட்டா வெளி சாம்பிள் எடுத்தே காசு பாத்துடலாம்ங்கறார். "நீதான் எக்ஸ்பிஎஸ் பண்ணின ஆளு, எந்த கம்பெனி நல்லதுன்னு ஒரு ஷீட் போட்டு குடு"ன்னு என் தலைல கட்டிட்டார். நான் பண்ணது கொரியர் மட்டும்தான் சார்னு சொல்ல வாய் வரல.

ஒண்ணு, ரிவ்யூவருக்கு என்ன சொல்றது. ரெண்டு, மெஷின் வாங்குறதைப் பத்தி தெரிஞ்சவங்க யாராவது நிஜத்தை சொல்லுங்க.

பம்ப்_சத்தம்:

தங்கச்சி, நான் ஒரு சென்ட்ரல் லேப்ல பதினோரு வருஷமா இந்த மெஷினோடதான் குடித்தனம் பண்றேன். உன் மாதிரி மாசம் நாலு பேர் வர்றாங்க, அதனால வெக்கப்பட ஒண்ணுமில்ல. ரிவ்யூவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஆனா அவர் கேக்காத ஒரு கேள்விதான் முக்கியம்னு எனக்கு தோணுது, அதுக்கு கடைசில வர்றேன்.

முதல்ல இந்த மெஷின் என்ன பண்ணுதுன்னு சுருக்கமா. அலுமினியம் கே ஆல்ஃபா எக்ஸ்ரே, 1486.6 ஈவி, அதை சாம்பிள் மேல அடிக்கிறோம், எலக்ட்ரான் தெறிச்சு வெளிய வருது, அதோட வேகத்தை அளக்குறோம். போட்டதுலேர்ந்து வந்ததையும் மெஷினோட ஒர்க் ஃபங்ஷனையும் கழிச்சா பைண்டிங் எனர்ஜி, அதாவது அணு அந்த எலக்ட்ரானைப் புடிச்சு வச்சிருக்குற பலம். எக்ஸ்ரே உள்ள மைக்ரான் கணக்குல போகும், ஆனா எலக்ட்ரான் எனர்ஜி இழக்காம தப்பிச்சு வர்றது மேல் தோல்லேர்ந்து மட்டும்தான், பொதுவா 10 நானோமீட்டருக்குள்ள. காப்பர் 2பி எலக்ட்ரான் வெளிய வரும்போது அதுகிட்ட மிச்சம் இருக்குறதே சுமார் 550 ஈவி, அதனால நீ பாக்குறது இன்னும் மேலாக்க, மூணு நாலு நானோமீட்டர்னு வச்சுக்கோ. எக்ஸ்ஆர்டி பவுடரோட வயித்தைப் பாக்குது, இது தோலைப் பாக்குது. அதனால ரெண்டும் ஒத்துப்போகலன்னா அது மட்டுமே தப்பு ஆகாது, இதை ரிவ்யூவருக்கு தைரியமா எழுதலாம். ஆனா 62% குப்ரஸ் தோல்ல எப்படி வந்துச்சுன்னு சொல்லியாகணும்.

அடுத்து காப்பர் விஷயம். உலோகக் காப்பர் 932.6, குப்ரஸ் 932.4 பக்கம். இந்த 0.2 ஈவி வித்தியாசத்தை வச்சு ரெண்டையும் பிரிக்கிறேன்னு சொல்றது கண்ணைக் கட்டிட்டு ஊசில நூல் கோக்குற கதை. அதனாலதான் காப்பர் எல்எம்எம் ஆகர் பீக் எடுக்கச் சொல்றாங்க (ஃப்ரெஞ்சுக்காரர் பேரு, ஓஜேன்னுதான் சொல்லணுமாம், நம்ம ஊர்ல எல்லாரும் ஆகர்தான், விடு). அதுல உலோகம் 918.6, குப்ரிக் 917.7, குப்ரஸ் 916.8 கைனெட்டிக் எனர்ஜி. இங்க உலோகத்துக்கும் குப்ரஸுக்கும் கிட்டத்தட்ட 2 ஈவி இடைவெளி, குருடனுக்கும் தெரியும். இன்னொரு வசதி, 2பி பைண்டிங் எனர்ஜியையும் ஆகர் கைனெட்டிக் எனர்ஜியையும் கூட்டினா வர்ற நம்பர், ஆகர் பாராமீட்டர்னு பேரு, உலோகத்துக்கு 1851.2, குப்ரஸுக்கு 1849.2. சாம்பிள் சார்ஜ் ஆகி பீக்கெல்லாம் நகந்தாலும் ஒண்ணு ஏறினா இன்னொண்ணு அதே அளவு இறங்கும், கூட்டுத்தொகை அசையாது. இதை விட்டுட்டு ஏழு பீக் போட்டிருக்கியேம்மா.

குப்ரிக்கு இன்னொரு கையெழுத்து உண்டு, 940லேர்ந்து 945 வரைக்கும் ஒரு அகலமான மேடு, ஷேக்அப் சாட்டிலைட். குப்ரிக் இருந்தா அது இருந்தே தீரும். உலோகத்துக்கு அது கிடையாது, குப்ரஸுக்கு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

இப்ப என் கேள்வி. உன் ஃபைல் பேரெல்லாம் ஒருதடவை ஒழுங்கா படி. ஆர்கான் எட்ச், அதாவது ஆர்கான் அயானை அடிச்சு மேல் தோலை சுரண்டுறது, பண்ணாங்களா? சர்வே ஸ்கேன் (எல்லா எலிமெண்டையும் ஒரே ஓட்டத்துல பாக்குறது) எப்ப எடுத்தது, காப்பர் 2பி எப்ப எடுத்தது? சோர்ஸ் அலுமினியமா மெக்னீசியமா?

ரெண்டாவது_ரிவிஷன்:

அண்ணா, இப்பதான் பாத்தேன், கை நடுங்குது. சர்வே ஃபைல் பேர் சும்மா "சர்வே"ன்னு இருக்கு. ஆனா காப்பர், ஆக்சிஜன், கார்பன் மூணு ஃபைல் பேர்லயும் கடைசில "எட்ச் 60 எஸ்"னு இருக்கு. நான் அதை எட்டாவது சாம்பிள்னு ஏதோ நம்பர்னு நினைச்சுட்டேன். சோர்ஸ் அலுமினியம்தான், ட்வின் ஆனோடுன்னு எழுதிருக்கு. சர்வேல 940-945ல நல்லா மேடு தெரியுது. எட்ச் பண்ணின ஃபைல்ல அந்த மேடு ரொம்ப சின்னதா இருக்கு, நான் அதை பேக்கிரவுண்டுன்னு நினைச்சு விட்டுட்டேன்.

பம்ப்_சத்தம்:

அப்ப கதை முடிஞ்சுது. சாம்பிள் வரும்போது குப்ரிக், எக்ஸ்ஆர்டி சொன்ன மாதிரியே. லேப்ல இருந்த தம்பி கார்பன் அழுக்கை எடுத்து விடுவோம்னு நல்ல மனசோட 60 செகண்ட் ஆர்கான் அயான் போட்டிருக்கான். ஆர்கான் மோதும்போது ஆக்சிஜன்தான் முதல்ல பறக்கும், குப்ரிக் ஆக்சைடு குப்ரஸா இறங்கும், கூட அடிச்சா உலோகம் வரைக்கும் போகும். டைட்டானியம் டையாக்சைடுலயும் இதே கதைதான், எட்ச் பண்ணிட்டு மூணு சார்ஜ் டைட்டானியம் இருக்கு, ஆக்சிஜன் வேகன்சி இருக்குன்னு பேப்பர் எழுதினவங்க எத்தனை பேர்னு எண்ணி மாளாது. போதாக்குறைக்கு பழைய ட்வின் ஆனோடு, மோனோகுரோமேட்டர் (எக்ஸ்ரேல ஒரே எனர்ஜியை மட்டும் வடிகட்டி விடுற பகுதி) இல்லாத சோர்ஸ், சாம்பிள் பக்கத்துலயே சூடா நிக்கும், அந்த சூடு, கூட வர்ற பிரெம்ஸ்ட்ராலங் (எல்லா எனர்ஜிலயும் பரவி வர்ற எக்ஸ்ரே), எலக்ட்ரான் எல்லாம் சேந்து எட்ச் பண்ணாமலே மணிக்கணக்குல வச்சா குப்ரிக்கை கொஞ்சம் கொஞ்சமா இறக்கும். அதனாலதான் எங்க லேப்ல காப்பர்னா 2பிதான் முதல்ல, வேகமா, மத்ததெல்லாம் அப்புறம், கடைசில திரும்ப ஒருதடவை 2பி எடுத்து மேடு குறைஞ்சுதான்னு பாத்துட்டுத்தான் சாம்பிளை வெளிய எடுப்போம்.

உன் சர்வேலயே ஆகர் பீக் 568-570 பைண்டிங் எனர்ஜி பக்கம் நிக்கும், பாரு. ஆனா சர்வே 1 ஈவி ஸ்டெப்ல எடுத்திருப்பாங்க, பாஸ் எனர்ஜியும் அதிகம், அதாவது துல்லியம் கம்மி, அதை வச்சு குப்ரஸ் குப்ரிக்னு சண்டைக்குப் போகாத. திரும்ப எடுக்கணும், வேற வழியில்ல.

ஒரு விஷயம், ஹெட்டரோஜங்ஷன் தலைப்பு போச்சேன்னு அழாத. கேட்டலிஸ்ட் வேலை செஞ்சது எட்ச் பண்ணாத பவுடர்ல தானே?

கார்பன்284:

உள்ள வரலாமா. ரெண்டாவது_ரிவிஷன் மேடம், ஏழு பீக் பத்தி யாரும் பேசல, நான் பேசுறேன். ஃபிட் அழகா உக்காந்துச்சுன்னா அதுல ஒரு பெருமையும் இல்ல, பீக் கூட்டிட்டே போனா யானை படத்தைக் கூட ஃபிட் பண்ணலாம். 2பி 3/2க்கும் 1/2க்கும் ஏரியா 2க்கு 1, காப்பர்ல ரெண்டுக்கும் நடுவுல 19.8 ஈவி, இதெல்லாம் பூட்டிட்டு ஃபிட் பண்ணீங்களா? ஒரே ரகமான கூறுகளுக்கு அகலத்தை இஷ்டத்துக்கு ஒண்ணு 1.1, ஒண்ணு 3.4ன்னு விட்டிருப்பீங்கன்னு பந்தயம் கட்டுறேன். பேக்கிரவுண்டு நேர்கோடு போட்டீங்களா, பீக்கோட சேந்து படி மாதிரி ஏறுற ஷெர்லியா? குப்ரிக் சாட்டிலைட் ஏரியாவையும் குப்ரிக் கணக்குல சேக்கணும், நீங்க பேக்கிரவுண்டுன்னு விட்டுட்டதா சொல்றீங்க, அப்ப 62, 38 எல்லாம் காத்துல எழுதின கணக்கு.

அப்புறம் என் பேர்லயே இருக்குற சமாச்சாரம். சார்ஜ் ஆகி நகந்த ஸ்பெக்ட்ரமை சரி பண்ண கார்பன் 1எஸ் பீக்கைத்தான் அளவுகோலா வச்சுக்குவோம், அதை 284.8க்கு நகத்தினீங்களா 284.6க்கா 285க்கா? மூணுமே பேப்பர்கள்ல கிடக்கு, அவங்கவங்க குலதெய்வம் மாதிரி. ஸ்வீடன்ல லிங்ஷோப்பிங் யூனிவர்சிட்டில கிரெசின்ஸ்கி, ஹுல்ட்மன்னு ரெண்டு பேர் இதை நல்லா போட்டு உடைச்சிருக்காங்க, காத்துலேர்ந்து ஒட்டுற அந்த கார்பன் பீக் அடில இருக்குற பொருளோட ஒர்க் ஃபங்ஷனுக்கு ஏத்த மாதிரி நகருது, எல்லாத்துக்கும் ஒரே நம்பர் கிடையாதுன்னு காட்டிருக்காங்க. அதுக்காக நாளைக்கே யாரும் 284.8ஐ விடப்போறதில்ல, ஆனா எந்த நம்பர் போட்டேன், எவ்வளவு நகத்தினேன்னு எழுதுறது மினிமம் மரியாதை. உங்க கேஸ்ல இன்னும் மோசம், எட்ச் பண்ணி கார்பனை பாதி எடுத்துட்டு மிச்சத்தை வச்சு ரெஃபரன்ஸ் பண்ணிருக்கீங்க, அயான் அடிபட்ட கார்பன் பழைய கார்பனே இல்ல.

ஆகர் பாராமீட்டர் அண்ணன் சொன்னார்ல, இந்த வம்பு எதுவும் அதுல கிடையாது. அதைப் புடிச்சுக்கங்க.

பம்ப்_சத்தம்:

கார்பன் சார் கோவமா இருந்தாலும் சொன்னது சரிதான். யானை மட்டும் ஓவர்.

ஸ்பேனர்:

ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன். இருபது வருஷத்துக்கு மேல வேக்கம் மெஷின் சர்வீஸ், எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், இப்ப சொந்தமா சின்னதா பண்றேன், அதனால யாருக்கும் விக்கிற ஆள் இல்ல.

மார்க்கெட் ரிப்போர்ட்டை மொதல்ல குப்பைல போடுங்க. ஒரே மெஷினுக்கு நாலு ரிப்போர்ட் எடுத்தா நாலுலயும் நாலு சைஸ் மார்க்கெட், நாலு வளர்ச்சி விகிதம், முழுசா படிக்கணும்னா ஆயிரக்கணக்கான டாலர் கட்டணும். உண்மையான மார்க்கெட் எப்படின்னு நான் சொல்றேன், ரொம்ப சின்ன ஊரு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தெர்மோ ஃபிஷரோட எக்ஸ்பிஎஸ் இங்கிலாந்துல ஈஸ்ட் கிரின்ஸ்டட்ல செய்யுறது, பழைய விஜி கம்பெனியோட வாரிசு. கிராட்டோஸ் மான்செஸ்டர்காரங்க, ஓனர் ஜப்பான்ல ஷிமாட்சு. அல்வாக்-ஃபை ஜப்பான், அமெரிக்கால மினசோட்டால ஃபை. ஸ்பெக்ஸ் பெர்லின். சியென்டா ஓமிக்ரான் ஸ்வீடன் ஜெர்மனி ரெண்டும். ஜியோல் ஒண்ணு. இன்னும் ஒண்ணு ரெண்டு சேத்தாலும் கை விரலுக்குள்ள முடிஞ்சிடும். கார் வாங்குற மாதிரி ஷோரூம் ஷோரூமா ஏறி இறங்குற கதை இல்ல.

இந்த டெக்னிக் பொறந்ததே உப்சாலால, காய் சீக்பான், 1954ல சாதா உப்புல, சோடியம் குளோரைடுலதான் முதல்ல நல்ல ஸ்பெக்ட்ரம் எடுத்தார். எஸ்கான்னு பேர் வச்சவரும் அவர்தான், பழைய ஆளுங்க இன்னும் எஸ்கான்னுதான் சொல்லுவோம். 1981ல நோபல். அவங்க அப்பா மான்னே சீக்பானும் 1924ல எக்ஸ்ரே ஸ்பெக்ட்ராஸ்கோபிக்கு நோபல், குடும்பத் தொழில். 1969லயே ஹ்யூலெட் பேக்கார்டு, ஆமா அந்த பிரிண்டர் கம்பெனிதான், மோனோகுரோமேட்டர் வச்ச மெஷினை விக்க ஆரம்பிச்சுட்டான். அப்புறம் அவனே விட்டுட்டுப் போயிட்டான்.

இப்ப காசு. மெஷின் சில கோடி, அயான் கன், கிளஸ்டர் கன், யூபிஎஸ் (கரண்ட் பேக்கப் இல்ல, புற ஊதா ஒளில எலக்ட்ரானைப் பாக்குறது), ஏர் படாம மாத்துற டிரான்ஸ்ஃபர் வெசல்னு ஆப்ஷன் டிக் அடிக்க அடிக்க ஏறும். அது கிராண்ட்ல வந்துடும், அதனால யாரும் அதைப் பத்தி கவலைப்பட மாட்டாங்க. நான் பாத்த வரைக்கும் மெஷின் செத்தது எல்லாம் நாலாவது வருஷத்துல. வாரண்ட்டி முடியும், ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) கேட்டா வருஷத்துக்கு லட்சக்கணக்குல சொல்லுவான், காலேஜ் "பாக்கலாம்"னு இழுக்கும், ஃபிலமெண்ட் போகும், டிடெக்டர் தேயும், ஆனோடு கோட்டிங் உரியும், பார்ட் வெளிநாட்டுலேர்ந்து வரணும், கஸ்டம்ஸ்ல மூணு வாரம் தூங்கும். அதுக்குள்ள அதை ஓட்டத் தெரிஞ்ச ஒரே பையன் போஸ்ட்டாக்னு கொரியா போயிருப்பான்.

கரண்ட்டை மறந்துடாதீங்க. இது சாதா வேக்கம் இல்ல, 10 மைனஸ் 9 மில்லிபார். ஏன் அவ்வளவு வேணும்னா, பிரஷர் 10 மைனஸ் 6 டார்ல இருந்தா மோதுற காத்து மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கிச்சுன்னா ஒரே செகண்டுல சாம்பிள் மேல ஒரு அடுக்கு போர்வை விழுந்துடும், மைனஸ் 9ன்னா அதே போர்வைக்கு ஆயிரம் செகண்ட் ஆகும். நீ பாக்குறதே மேல் தோல்தான், அதுல போர்வை விழுந்தா என்னத்த பாக்குறது. ராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் போயி யூபிஎஸ்ஸும் படுத்துச்சுன்னா பம்ப் நிக்கும், காத்து உள்ள போகும், அப்புறம் சேம்பருக்கு பேக்அவுட், ஹீட்டர் போட்டு 120-150 டிகிரில ஒரு நாள் ரெண்டு நாள் வறுக்கணும். ஒரு காலேஜ்ல (பேர் வேண்டாம்) சில்லர் வைக்கிற ரூம்ல ஏசி செலவு மிச்சம்னு ஜன்னலைத் திறந்து வச்சாங்க, மழைக்காலத்துல எலக்ட்ரானிக்ஸ் மேல தண்ணி சொட்டுச்சு, நான்தான் துடைச்சேன்.

வெளி சாம்பிள்ல காசு பாக்கலாம்ங்கறது நடக்காதுன்னு சொல்லல. ஆனா ஒரு சாம்பிள் சர்வே, நாலு எலிமெண்ட் எடுக்கவே ஒரு மணி ரெண்டு மணி ஆகும், சார்ஜ் ஆகுற பவுடர்னா இன்னும் கூட. மாணவர் ரேட்ல சில ஆயிரம் வாங்கினா அது சம்பளத்துக்கும் கரண்ட்டுக்கும்தான் சரி. ஏற்கனவே காரைக்குடி சிக்ரில இருக்கு, ஐஐடி மெட்ராஸ்ல இருக்கு, பெங்களூர் ஐஐஎஸ்சில இருக்கு, சென்னைல தனியார் யூனிவர்சிட்டிலயும் இருக்கு, ஐ-ஸ்டெம்ங்கற ஆய்வகக் கருவிகள் போர்ட்டல்ல தேடினா புக் பண்ணலாம். உங்க எச்ஓடிகிட்ட ஒரே கேள்வி கேளுங்க, இதை ஓட்ட பெர்மனண்ட் போஸ்ட் ஒண்ணு போடுவீங்களான்னு. அவர் மூஞ்சியைப் பாருங்க, ஷீட்டே போட வேண்டாம்.

வேஃபர்_வாசு:

ஸ்பேனர் அண்ணே, காலேஜ் பத்தி நீங்க சொன்னது சரி, ஆனா மார்க்கெட்டே சின்ன ஊருன்னு சொன்னதுல எனக்கு பாதி உடன்பாடு இல்ல. நான் சிங்கப்பூர்ல ஃபேப்ல, அதாவது சிப் ஃபாக்டரில, மெட்ராலஜி, அளக்குற வேலை. எங்க உலகத்துல எக்ஸ்பிஎஸ் லேப் மூலைல தூசு படிஞ்சு நிக்கிற மெஷின் இல்ல, லைன்லயே நிக்குது, ரோபோ வேஃபரை உள்ள வைக்கும், வேஃபரை உடைக்காம சின்ன டெஸ்ட் பேட் மேல அளந்துட்டு அடுத்த ஸ்டெப்புக்கு போகும். ரெவெரான்னு ஒரு கம்பெனி இதுக்குன்னே செஞ்சுது, 2015ல இஸ்ரேல்ல நோவா அதை வாங்கிட்டாங்க.

ஏன் வேணும்னா, ட்ரான்சிஸ்டர் கேட் ஆக்சைடு ஒரு காலத்துல 1.2 நானோமீட்டர் வரைக்கும் மெலிஞ்சு போச்சு, அஞ்சாறு அணு தடிமன், அதுக்கு மேல மெலிஞ்சா கரண்ட் ஒழுகும். நைட்ரஜன் கலந்து கொஞ்ச நாள் ஓட்டினாங்க, அப்புறம் 2007ல இன்டெல் 45 நானோமீட்டர்ல ஹாஃப்னியம் ஆக்சைடுக்கு மாறினாங்க. அந்த மெல்லிசு லேயர்ல எவ்வளவு நைட்ரஜன், எவ்வளவு ஹாஃப்னியம், அடில சிலிக்கான் ஆக்சைடு எவ்வளவு இருக்குன்னு வேஃபருக்கு வேஃபர் தெரியணும். சிலிக்கான் 2பி பீக் 99.3, ஆக்சைடுன்னா 103.3, நாலு ஈவி தள்ளி தனியா நிக்கும், ரெண்டோட ஏரியா விகிதத்தை வச்சே தடிமனைக் கணக்குப் போட்டுடலாம், எலக்ட்ரான் மேல வரும்போது எவ்வளவு குறையும்னு தெரிஞ்சா போதும். லேப்ல நாம "மேல மட்டும்தான் பாக்குது"ன்னு குறை சொல்ற விஷயம்தான் அங்க அதுக்கு வேலையே குடுக்குது.

இன்னொரு பக்கம் பேட்டரி. லித்தியம் பேட்டரி எலக்ட்ரோடு மேல எஸ்இஐன்னு ஒரு படலம் உக்காரும், நானோமீட்டர் கணக்குதான், பேட்டரி ஆயுசே அதுகிட்ட இருக்கு. ஆனா அதை காத்து படாம ஆர்கான் க்ளவ்பாக்ஸ்லேர்ந்து நேரா மெஷினுக்கு கொண்டு போகணும், இல்லன்னா கார்பனேட் பீக்கைப் பாத்துட்டு பேட்டரி செஞ்சுதுன்னு எழுதுவோம், காத்து செஞ்சதா இருக்கும். ஸ்பேனர் அண்ணே சொன்ன டிரான்ஸ்ஃபர் வெசல் ஆப்ஷன் இதுக்குத்தான். தோலுக்கு அடில பாக்கணும்னா இப்ப லேப்லயே குரோமியம் 5.4 கேஈவி, காலியம் 9.25 கேஈவி சோர்ஸ் வச்ச மெஷின் வந்துடுச்சு, எட்ச் பண்ணாமலே ஆழத்துல இருக்குறது தெரியும். இந்தூர்ல இண்டஸ்-2 சின்க்ரோட்ரான்லயும் ஹாக்ஸ்பெஸ் (அதிக எனர்ஜி எக்ஸ்ரேல பண்ற எக்ஸ்பிஎஸ்) பீம்லைன் இருக்கு, ப்ரொபோசல் எழுதணும்.

இந்தியாலயும் 76,000 கோடி செமிகண்டக்டர் திட்டம் 2021ல போட்டாச்சு, தொலேரால டாட்டா ஃபேப் வேலை நடக்குது. மேடம், நீங்க மெஷின் வாங்குற கமிட்டில மாட்டிக்கிறத விட நல்லா எக்ஸ்பிஎஸ் படிக்கத் தெரிஞ்ச ஆளா ஆகுங்க. இண்டர்வியூல நான் ஒரே ஸ்பெக்ட்ரம் குடுப்பேன், பிஎச்டி முடிச்சு வர்ற பத்துல எட்டு பேர் ஆகர் பீக்கை ஏதோ எலிமெண்ட்னு பேர் சொல்லுவாங்க.

ஸ்பேனர்:

வாசு, ஒத்துக்கறேன், ஃபேப் கணக்கு வேற. ஆனா எச்ஓடி கைல இருக்குற ரிப்போர்ட்ல உங்க ஃபேப் மெஷின், எங்க லேப் மெஷின், ரெண்டையும் ஒரே கூடைல போட்டு வளர்ச்சி காட்டுவான், இவர் நம்ம காலேஜுக்குத்தான் வளருதுன்னு நினைச்சுக்குவார். என் கோவம் அதான்.

ரெண்டாவது_ரிவிஷன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன். கைடுகிட்ட சர்வே ஸ்பெக்ட்ரமையும் எட்ச் ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டினேன். அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அப்ப போன வருஷ பேப்பர்லயும் எட்ச் பண்ணினதாம்மா"ன்னு கேட்டார். பாத்தேன், அதுலயும்தான். அதை என்ன பண்றதுன்னு அவர் யோசிக்கிறார், நான் கரிஜெண்டம் (திருத்த அறிவிப்பு) போடலாம்னு மெதுவா சொல்லிருக்கேன்.

ரிவ்யூவருக்கு மூணு மாசம் டைம் கேட்டு லெட்டர் போட்டாச்சு. பழைய டேட்டா எட்ச் பண்ணினதுன்னும், தலைப்பை மாத்துறோம்னும் ஒளிக்காம எழுதிட்டேன். திரும்ப எடுக்க வேற லேப்ல ஸ்லாட் கிடைச்சிருக்கு, மோனோகுரோமேட்டட் மெஷின், ஃபார்ம்லயே எட்ச் வேண்டாம், காப்பர் 2பி முதல்ல, ஆகர் ரீஜனும் வேணும், கடைசில 2பி இன்னொருதடவைன்னு பெரிய எழுத்துல எழுதிட்டேன்.

எச்ஓடிகிட்ட பெர்மனண்ட் போஸ்ட் கேள்வியைக் கேட்டேன். "அதெல்லாம் நீங்க ஸ்காலர்ஸ் பாத்துக்க மாட்டீங்களா"ன்னார். ஸ்பேனர் சார், அந்த மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும்.

ஒரு சின்ன சந்தேகம் பம்ப்_சத்தம் அண்ணா, பவுடரை எதுல போட்டு அனுப்பட்டும்? போனதடவை ஜிப்லாக் கவர்ல அனுப்பினேன், சர்வேல 102 ஈவில சிலிக்கான் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, நான் சிலிக்காவே பயன்படுத்தல.

பம்ப்_சத்தம்:

அது கவரோட சிலிக்கோனா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, தனி சிலிக்கான்னா 99.3ல நிக்கணும், "சிலிக்கா"ங்கற மணல் ஆக்சைடு 103.3, நடுவுல 102ன்னா எனக்கு முதல்ல பிளாஸ்டிக் கவர், க்ளவுஸ், க்ரீஸ் இதுங்க மேலதான் சந்தேகம் வரும். புது கண்ணாடி குப்பி வாங்கு, நல்ல ஐசோப்ரொப்பனால்ல கழுவி அவன்ல காய வை, பவுடரை அதுல போட்டு மூடு, மூடிக்கு உள்ள ரப்பர் இருந்தா நடுவுல சுத்தமான அலுமினியம் ஃபாயில் வை. பவுடர் போற ஸ்பேச்சுலாவைக் கையால துடைக்காத. அங்க போனதும் இண்டியம் ஃபாயில்ல அழுத்தி வைக்கச் சொல்லு, டேப்ல தூவினா டேப்போட கார்பனும் சேந்து கணக்குல வரும், பம்ப் போடும்போது பவுடரும் பறக்கும், லேப்காரன் உன்னைத் திட்டுவான்.

கொரியர்ல "பவுடர், வெடிக்காது"ன்னு ஒரு லெட்டர் வை. போன மாசம் ஒரு பொண்ணோட கருப்புப் பொடியை அவங்க பிரிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தாங்க.